பதினேழால் வகுபட்ட கல்யாணம்

ஜாதகம் ஒழிந்து, பிறந்ததும் தரப்படும் பிறவி எண்ணை வைத்தே பொருத்தம் பார்த்த காலம். ஒன்றைத் தவிர வேறு ஏதாவது ஓர் எண்ணால் இருவருடைய எண்ணும் மீதியின்றி வகுபட்டால் அண்ணன் தங்கை முறை. கல்யாணம் கூடாது.

தரகர் உதட்டைப் பிதுக்கினார். "பதினாறு இலக்க நம்பருங்க ரெண்டும். ஆனா பதினேழால வகுபடுதுங்களே."

"அப்ப இந்தப் பையன் வேண்டாம்" என்றார் செங்கோடன்.

மகள் இழையினி தன் காதலனை விடுவதாயில்லை. "அப்பா, உங்க நம்பர் எட்டுல முடியுது, அம்மாவுது நாலுல. உங்க கல்யாணத்துக்கு யாருமே ரெண்டால வகுத்துப் பாக்கலையா?"

செங்கோடன் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். முகம் வெளுத்தது.

தட்டோடு வந்த அவர் மனைவி சிரிக்காமல் குனிந்து நீட்டினாள்.

"காப்பி எடுத்துக்குங்கண்ணா."