மலையேறாத பேச்சி

பேச்சியம்மன் இன்னும் மலையேறவில்லை.

உச்சி வெயில். பந்தலுக்குள் படையல் சோறு ஆறிக்கொண்டிருக்க, ஊரே பசியோடு காத்து நிற்கிறது.

நடுவில் என் தம்பி முத்துமாலை. சிவப்புப் பட்டுச்சேலையும் கை கொள்ளாத வளையலும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாக நிற்கிறான்.

பேச்சிக்கு ஆடுகிறவர் சேலை கட்டித்தான் ஆட வேண்டும். அது எங்கள் வீட்டு உரிமை. முட்டி தேய்கிற வரைக்கும் அப்பா கட்டினார், இப்போது தம்பி கட்டுகிறான். சாமி உடம்பை விட்டு மலையேறியதும் அவிழ்த்துப் பீடத்தடியில் வைத்துவிட வேண்டும். வெறும் மனுஷனாக அந்தச் சேலையோடு கோயில் எல்லைக்கல்லைத் தாண்டினால் வம்சத்துக்கே ஆகாது என்பார்கள்.

அப்பா சங்கிலிபூதத்தான் மாற்று வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தவித்தார். சாயங்காலம் நாங்குநேரியிலிருந்து பெண் வீட்டார் பேசி முடிக்க வருகிறார்கள்.

கல்யாணமே வேண்டாம் என்று தம்பி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டான். யார் காதில் விழுந்தது?

போன மாதம் அவன் விரலில் நெயில் பாலிஷைப் பார்த்துவிட்டு, தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை என்றும் பாராமல் அப்பா தெருவில் வைத்து அடித்தார். அவன் வேலை பார்க்கிற பேட்டைப் பட்டறையில் அவன் நடையைக் கேலி பேசுகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி அடித்தார்.

அதே கையைக் கூப்பிக்கொண்டு இப்போது அவன் முன்னால் நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் கொடையன்றைக்குச் சேலை கட்டினால் காலில் விழுவார்களாம், மறுநாள் விரலில் சாயம் இருந்தால் முதுகுத்தோலை உரிப்பார்களாம். நல்லா இருக்கிறது இவர்கள் நியாயம்.

அப்பா மஞ்சள் தண்ணீர் தெளித்தார். வேப்பிலையால் தம்பியின் தலையை வருடினார். என்ன குறை இருந்தாலும் சொல்லு தாயே, செய்து தாரோம், மலையேறு தாயே என்று கெஞ்சினார்.

பெண்கள் குலவையிட்டார்கள். தம்பி அசையவில்லை.

அப்பா நெருங்கிப் போய்க் காதைக் கொடுத்தார். திருநீற்றுத் தட்டோடு பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அப்பா, சாமி இன்னைக்கு வரவே இல்ல. நான்தான் நிக்கேன். இந்தச் சேலையோடயே வீட்டுக்கு வாரேன்ப்பா."

ஊர் காதில் விழுந்தால் அவ்வளவுதான், கொடையை அசிங்கப்படுத்திவிட்டான் என்று அங்கேயே கொன்றுபோடுவார்கள். முதல் அடி அப்பாவுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் குறுக்கே போனேன்.

அப்பா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் மையைப் பார்த்தார். நெற்றிப்பொட்டைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த வேட்டியை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பேச்சி நம்ம வீட்டுக்கு வரணுமாம். வழி விடுங்க வே."

கூட்டம் விலகியது. குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து தம்பியின் காலில் ஊற்றினார்கள். பிள்ளைகளைத் தூக்கிவந்து ஆசி கேட்டார்கள்.

அப்பா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டினார். அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அவருக்கும் அருள் வந்துவிட்டதென்று ஜனம் கும்பிட்டது.