எழுபதைத் தாண்டினால்

டிக்கிக்குள் முழங்காலும் மோவாயும் முட்டிக்கொள்ள ஒருக்களித்துக் கிடந்தான் அவன். மேலே மூடி விழுந்து பூட்டிக்கொண்டது. வெளியே இரண்டு பேர் பேசிக்கொண்டே வந்து முன்சீட்டில் ஏறினார்கள். இருமக்கூடக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு.

கடத்தல் எல்லாம் இல்லை. உள்ளே கிடப்பவன் கார் மெக்கானிக். ஏறியவர்கள் அவன் தங்கையும் அவள் புருஷனும். அவனாகவே போய்ப் படுத்துக்கொண்டதுதான்.

மூன்று வாரமாக இந்தக் கார் அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. "வேகம் எடுத்தா நடுங்குதுண்ணா" என்று தங்கை கொண்டுவந்து விட்டாள். சக்கரத்துக்கு பேலன்ஸ் பார்த்தான், இன்ஜின் மவுண்டிங்கை மாற்றினான், டிரைவ் ஷாஃப்டைக் கழற்றி ஆட்டிப் பார்த்தான். அவன் ஓட்டினால் வண்டி சமர்த்தாகப் போனது. அடுத்த வாரமே தங்கை மறுபடி வந்து நின்றாள்.

சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற ஆள் என்று அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. சொந்தத் தங்கை வண்டியிலா கோட்டை விடுவது?

"சரியாச் சொல்லு. எப்போ நடுங்குது?" என்று இன்று உட்காரவைத்துக் கேட்டான்.

"எழுபதைத் தாண்டினா."

"ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டா?"

"கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

"நீ ஓட்டினா வருதா?"

"இல்ல. அவர் ஓட்டணும். நான் பக்கத்துல இருக்கணும்."

"அப்போ ரெண்டு பேர் எடை ஏறினாத்தான் வருது. சரி, நானும் பின்னாடி உட்கார்ந்து வரேன்."

"நீ இருந்தா அவர் மெதுவா ஓட்டுவார்ணா. டிக்கியில படுத்துக்கயேன். அவருக்குத் தெரியவே வேணாம்."

அதில் நியாயம் இருந்தது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க டிக்கியில் படுத்துப் போவது இந்தத் தொழிலில் புதுசும் இல்லை. ஒன்றுதான் இடித்தது. மாப்பிள்ளை வேகமாக ஓட்டுகிற ஆளே கிடையாதே!

குரல் உயர்த்தாதவர், குடி கிடையாது, சிகரெட் கிடையாது. இவனே அலைந்து திரிந்து தேடிக் கட்டிவைத்த மாப்பிள்ளை. நாலு வருஷமாகியும் அந்தப் பெருமையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருக்கிறான். தங்கை எப்போதாவது குறை சொல்ல வாயெடுத்தால், "உனக்குக் கொழுப்பு" என்று சிரித்தே அடைத்துவிடுவான்.

"உங்க அண்ணன் எங்கே? பட்டறை பூட்டியிருக்கு?" மாப்பிள்ளையின் குரல், பக்கத்து அறையில் பேசுவதுபோல் சீட்டுக்குப் பின்னால் தெளிவாகக் கேட்டது.

"ஸ்பேர் வாங்கப் போயிருக்கார்ங்க."

வண்டி கிளம்பியது. அவன் உள்ளங்கையைத் தரையில் பதித்துக்கொண்டான். முப்பதில் ஒன்றுமில்லை. ஐம்பதிலும் ஒன்றுமில்லை.

"அந்த வேலைக்கு வரலைன்னு போன் பண்ணிட்டியா?"

"நாளைக்கு ஒரு நாள் போய்ப் பார்க்கிறேங்க. ஸ்கூல் ஆபீஸ்தானே…"

இன்ஜின் உறுமியது. அவன் உடம்பு சறுக்கிப் போய்ப் பின்னால் இடித்தது.

"பண்ணிட்டியான்னு கேட்டேன்."

"என்னங்க, முன்னாடி லாரி!"

"லாரியைப் பத்தி நான் கேக்கல."

குரல் உயரவே இல்லை. வேகம்தான் உயர்ந்தது. எண்பது, தொண்ணூறு, நூற்றுப் பத்து என்று இன்ஜின் சத்தத்தை வைத்தே அவனால் எண்ண முடிந்தது. உள்ளங்கையில் இம்மி அதிர்வு இல்லை. எங்கேயோ ஹாரன் அலறிக் கடந்து போனது.

"சரிங்க! போகல! நான் எங்கேயும் போகல, காலை எடுங்க!" தங்கை கதறினாள்.

வண்டி மெல்ல வேகம் குறைந்தது. "முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார் மாப்பிள்ளை. பிறகு ரேடியோவைப் போட்டார்.

மூடியை எட்டி உதைக்கக் கால் துடித்தது அவனுக்கு. ஆனால் உதைத்தால், ஓட்டுகிறவர் திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால், மூன்று பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். வாயில் முஷ்டியைத் திணித்துக்கொண்டு கிடந்தான். காற்று போதவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

பாவம், பயத்தில் நான் இங்கே கிடப்பதையே மறந்திருப்பாள் என்று நினைத்தான். எல்லாம் என் காதில் விழுந்தது என்று தெரிந்தால் கூனிக் குறுகிப் போவாள். தெரியாத மாதிரி இருந்துவிட்டு, பிறகு அம்மாவை வைத்துப் பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம்.

கார் நின்றது. ஒரு கதவு சாத்தப்பட்டது. மாப்பிள்ளையின் செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போய், குளியலறையில் தண்ணீர் விழத் தொடங்கியது. அப்புறம்தான் டிக்கி திறந்தது.

சாயங்கால வெளிச்சத்தில் தங்கை நின்றிருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"படுத்ததும் தூங்கிட்டேன்மா. ஒண்ணுமே கேக்கல. அந்த டிரைவ் ஷாஃப்டை இன்னொரு தடவை கழற்றிப் பார்த்துடறேன்."

தங்கை நகரவில்லை. குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"வண்டிக்கு என்னைக்குமே ஒண்ணும் இல்ல. வாயால சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியாண்ணா?"