அடுப்பில் பால்

“வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க சார்?” குணமாகாத நோய்க்காரர்களை வாராவாரம் வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ் கேட்டாள்.

அவர் பக்கத்தில் இருந்த மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். “ரெண்டு.”

“ஐயோ, அடுப்புல பால்” என்று மனைவி எழுந்து ஓடினாள். போன வாரமும் இதே பால்தான்.

தலை மறைந்ததும் அவர் குரல் இறங்கியது. “எட்டும்மா. அவகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டா.”

நர்ஸ் டாக்டரிடம் போனில் கேட்டு மருந்தைக் கூட்டினாள். வாசலில் மனைவி மெல்லக் கேட்டாள்: “உண்மையைச் சொன்னாரா?”

“நீங்க பால் பார்க்கத்தானே போனீங்க?” என்றாள் நர்ஸ்.

“நான் இருந்தா அவருக்கு வாய் வராது. ஒத்துக்கலைன்னு பாலை நிறுத்தியே ஒரு மாசமாச்சு.”

அடுத்த வாரம் நர்ஸ் வாயைத் திறந்ததுமே மனைவி எழுந்தாள். “அடுப்புல பால்...”

“உட்காரு” என்று அவர் கையைப் பிடித்தார். “இன்னிக்கு நிஜமாவே ரெண்டுதான். ஒரு மாசமா கடுங்காப்பி குடிக்கிறவனுக்குத் தெரியாதா, வீட்டுல பால் இல்லைன்னு?”