முழங்காலில் நின்றவன்

“இண்டைக்கும் வந்து நிக்கிறானோ அந்த வேதம் விட்டவன்?”

பூசை மணி அடிக்கும்போதே வஸ்தியாம்பிள்ளை மூப்பருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முல்லைத்தீவுக் கடற்கரை மாதா கோயிலின் வாசல் மணலில், கையில் எரியும் மெழுகுதிரியோடு அந்த மனிதன் முழங்காலில் நின்றான்.

கிறிஸ்தவ வேதத்தை விட்டுப் போனவர் திரும்பி வருவதானால் மூன்று ஞாயிறு அப்படி நிற்க வேண்டும். பிறகு மூப்பர் சம்மதிக்க வேண்டும். அதுதான் ஊர்க்கட்டு. முன்பெல்லாம் இளகிய மனிதர்தான் மூப்பர். சில வருடங்களாகத்தான் கல்லாகிவிட்டார். ஏனென்று ஊரில் எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

முன்பின் கண்டிராத அவனை முதல் ஞாயிறே விசாரித்திருந்தார்.

“நீ ஆரடா? எவடம்?”

“ஒட்டுசுட்டான் பக்கம். கோயிலை விட்டுப் போன பாவத்துக்காக நிக்கிறன்.”

“போனது போனதுதான். ருசி பார்த்துத் துப்பினவனுக்குத் திரும்பப் பந்தி இல்லை. எழும்பிப் போ!”

“போகமாட்டன்.”

இரண்டாம் ஞாயிறு ஆட்களை விட்டு அவனைத் தூக்கி றோட்டில் போட்டார். அவன் திரும்பி வந்து அதே இடத்தில் நின்று சிலுவை போட்டான். இடது தோளுக்குப் போகவேண்டிய கை முதலில் வலது தோளுக்குப் போனது.

“அதுவும் மறந்துபோச்சு!” என்று மூப்பர் பழித்தார்.

இன்று பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. அவனுடைய முழங்கால் உரிந்து மணல் சிவந்திருந்தது.

“நீங்களே ஒரு முடிவைச் சொல்லுங்கோ, மூப்பர்” என்றார் சுவாமியார்.

மூப்பர் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். அதில் கெஞ்சல் இல்லை. அடித்தாலும் அசையமாட்டேன் என்ற பிடிவாதம்தான் இருந்தது. ஒரு பூசையும் தவறவிடாத தன்னால் இப்படி நிற்க முடியுமா என்று நினைத்தார். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது.

“சரி. மனம் திரும்பி வந்த ஆளை மறிக்க நான் ஆர்? உள்ளுக்கு வா.”

அவன் எழும்பவில்லை. “ஆராயிருந்தாலுமோ?”

“ஓம், ஆராயிருந்தாலும்! கோயில் வாசலிலை நிண்டு சொல்லுறன்.”

“சனத்துக்கு முன்னாலை சொல்லிப்போட்டியள். இனி மாறேலாது.”

மெழுகுதிரியை அணைத்துவிட்டு அவன் மெல்ல எழும்பினான். பூவரச மரத்தடியில் நின்ற வண்டிலைக் கைகாட்டினான்.

“ஆள் அதுக்குள்ளை படுத்திருக்கிறா. வருத்தக்காரி, எழும்பி நடக்க ஏலாது. அதுதான் அவாவுக்காண்டி நான் முழங்காலிலை நிண்டனான்.”

“அவாவோ? அப்ப வேதம் விட்டது நீயில்லையோ? ஆரடா நீ?”

அவன் மூப்பரின் கண்ணை நேரே பார்த்தான்.

“உங்கட மகள் பிலோமினாவைக் கட்டின சைவக்காரன், மாமா.”