குறட்டை அண்ணன்

"அவருக்கு பேஸ் கிட்டார் வாசிக்கவே தெரியாதே தம்பி," என்றார் கடைக்காரர், மேஜைமேல் கிடந்த கிட்டாரின் பழைய கம்பியைக் கழற்றிக்கொண்டே.

அவன் சிரித்தான். "நீங்க வேற யாரையோ சொல்றீங்க. நான் பார்க்க வந்தவர் பேரு குறட்டை. அதாவது, இணையத்துல அவர் வச்சுக்கிட்ட பேரு. அவர் வாசிக்கிறதைக் குறட்டைன்னு நினைச்சு பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவாராம். நாலு மணிக்கு இந்தக் கடைக்கு வரச் சொன்னார்."

"அவரேதான். நாலு மணிக்கு ஒருத்தரைப் பார்க்கணும், ஓரமா உட்கார்ந்து பேசிக்கலாமான்னு நேத்து கேட்டுட்டுப் போனார். சனிக்கிழமை தவறாம வர்றவர். ஆனா ஒரு நாளும் எந்த வாத்தியத்தையும் கையில எடுத்ததில்ல."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. இருப்புக்கொள்ளாமல் முன்னதாகவே வந்துவிட்டிருந்தான்.

பகலில் அவன் பேக்கரியில் மாவு பிசைபவன். வாரக் கடைசியில் ஒரு குழுவில் பேஸ் வாசிப்பவன். இரண்டு வருடத்துக்கு முன், தான் வாசிப்பதைப் படம்பிடித்து இணையத்தில் போட்டபோது, கீழே ஒரே ஒருவர்தான் எழுதியிருந்தார். 'நல்லா இருக்கு தம்பி. என்ன கம்பி போட்டிருக்கே?' அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு. முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. போனில் பேசலாமா என்று கேட்டால், 'எழுதுறதுதான் எனக்கு வசதி' என்பார். ஆனால் அவன் கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. சில நேரம் ஒரு வாரம் கழித்து வரும், அவ்வளவுதான்.

"என் ஆம்ப்ளிஃபயர் ஓயாம இரைஞ்சுக்கிட்டே இருந்துச்சு," என்றான் அவன். "எர்த் ஒயர் சரியில்ல, பிளக்கைப் பிரிச்சு முடுக்கிப் பாருன்னு எழுதினார். பார்த்தேன், சத்தம் போயிடுச்சு. வாசிக்கத் தெரியாதவர் எப்படிச் சொல்லுவார்?"

"அது நான் சொன்னது."

"கிட்டாரோட கழுத்து வளைஞ்சப்போ, திருகைக் கால் சுற்று மட்டும் திருப்பு, அவசரப்படாதேன்னாரே?"

"அதுவும் நான்தான். எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டுப் போவார். கிட்டாருக்குக் கழுத்துன்னா எது, கொஞ்சம் தொட்டுக் காட்டுங்கன்னு கேட்டவர் தம்பி அவர்."

அவனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

கம்பியைப் பற்றி மட்டுமா பேசினான்? காய்ச்சலில் ஐந்து நாள் தனியாகக் கிடந்ததை அவரிடம் சொல்லியிருக்கிறான். முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டியதை, அன்று மாலை வேலையை விடக் கிளம்பியதை, அவர் சொல்லித்தான் விடாமல் இருந்ததை. பேக்கரியில் கேக் வாங்க வந்த பெண்ணிடம் முதலில் என்ன பேசலாம் என்றுகூட அவரிடம்தான் கேட்டான்.

ஒருநாள் அவர் கேட்டார்: 'வீட்டுல யாரும் இல்லையா தம்பி?'

'அப்பா இருக்கார். எனக்குத்தான் இல்ல. வாத்தியமா வீடான்னு கேட்டார், நான் கிளம்பி வந்துட்டேன்.'

அதற்கு மூன்று நாள் பதிலே வரவில்லை. நான்காம் நாள் வந்தது: 'கம்பி மாத்திட்டியா?'

வருகிற திங்கட்கிழமை அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பதிவுத் திருமணம். 'என் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட ஆளில்ல. கூடப்பிறந்த அண்ணன் மாதிரி நீங்க வந்து போடணும்' என்று எழுதியிருந்தான். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவர் எழுதினார்: 'அதுக்கு முன்னாடி நேர்ல ஒரு தடவை பார்த்துக்கலாம். பார்த்த பிறகும் நீ கூப்பிட்டா வர்றேன்.'

"ரெண்டு வருஷம்," என்றான் அவன். "வாய்க்கு வாய் அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டேன். எங்கிட்ட எதுக்கு இவ்வளவு பெரிய பொய்? என்ன லாபம் அவருக்கு?"

"எனக்கும் அதான் புரியலை," என்றார் கடைக்காரர். "முதல் நாள் வந்தப்போ போனை எங்கிட்ட நீட்டினார். அதுல ஒரு பையன் வாசிச்சுக்கிட்டிருந்தான். இவன் கையில இருக்கிறது என்ன வாத்தியம்னு கேட்டார். சொன்னேன். அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் மறக்கல. 'இதைப் பத்தி என்ன கேட்டா இவன் பதில் சொல்லுவான்?'னார்."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "அந்தப் பையன் நீங்கதானே?"

அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். "நான் கிளம்பறேன். அவர் வந்தா, கையெழுத்துக்கு வேற ஆள் பார்த்துக்கிட்டேன்னு சொல்லிடுங்க."

திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தபடி, உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் ஒருவர் நின்றிருந்தார்.

"நாலு மணிக்குத்தானே வரச் சொன்னேன்," என்றார் அப்பா.