ஃபேன் நிற்கும் தேதி

"இன்னும் இருபது நாள்தான் சார் தாங்கும். ஆகஸ்ட் பதினாலு, வெள்ளிக்கிழமை. அன்னைக்குக் கதை முடிஞ்சிரும்."

முகமது ஆசிப் இப்படிச் சொன்னதும் ராஜாராமின் முகம் சுருங்கிப்போனது. சமயநல்லூர் நூல் மில்லின் முதலாளி அவர். ஆசிப் நாள் குறித்தது மில்லின் பெரிய ஃபேனுக்கு. அது ஈரக்காற்று அனுப்பாவிட்டால் நூலெல்லாம் அறுந்துபோகும், மில்லை மூடிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"இப்ப நல்லாத்தானப்பா ஓடுது?"

"ஓடும் சார். அஞ்சு வருஷ ரிப்பேர் நோட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்திருக்கேன். வருஷா வருஷம் ஆகஸ்ட் நடுவுல பேரிங் போயிருது. தேய்மானக் கணக்கு பொய் சொல்லாது."

பெங்களூர் வேலையை உதறிவிட்டு வந்த ஆசிப்புக்கு இதுதான் முதல் மில். கணக்கு பலித்தால் இங்கே அத்தனை மெஷினிலும் அவனுடைய சென்சார்தான். பலிக்காவிட்டால் பழைய வேலைக்கே திரும்புவதாக மனைவி நிலோபரிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

"பேரிங்கை இப்பவே மாத்திட்டா?" என்றார் ராஜாராம்.

"போன வருஷம் ஜூன்லதான் மாத்துனோம் முதலாளி. ஆகஸ்ட்ல நின்னுச்சே" என்றார் ஃபிட்டர் உக்கிரபாண்டி. பதினைந்து வருஷமாக அந்த ஃபேனைக் கட்டி மேய்ப்பவர். சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். "பதினாலா? தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கம்ப்யூட்டரைக் கண்டால் முறைக்கிற ஃபிட்டர்களையே பார்த்துப் பழகிய ஆசிப்புக்கு, அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஃபேன் நடு ஷிஃப்டில் நின்று நூல் வீணாவதை ராஜாராமால் இன்னொரு தடவை தாங்க முடியாது. "அன்னைக்கு மில்லுக்கே லீவு. ஃபேனை மட்டும் சும்மா ஓட விடுங்க. நின்னுச்சுன்னா தம்பிக்கு ஆர்டர்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆசிப் ஃபேன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். ஜும்மாவுக்குக்கூட ஓடிப்போய்த் தொழுதுவிட்டு ஓடிவந்தான். நல்லா ஓடுகிற சாமான் ரிப்பேராக வேண்டுமென்று துஆ கேட்டவன் மதுரையிலேயே அன்றைக்கு அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

ஃபேன் நிற்கவில்லை. சாயங்காலமும் நிற்கவில்லை. புதுமாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை, "பெட்டியைக் கட்டிக்க தம்பி" என்று ராஜாராம் முடித்துவிட்டார்.

ஆசிப் கண் கலங்க சென்சாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உக்கிரபாண்டி வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம். கூட வந்த ஆட்களுக்கும் அதே கோலம்.

"எங்கண்ணே போயிருந்தீங்க அம்புட்டுப் பேரும்?"

"நேத்து ஆடிக் கடைசி வெள்ளியில்ல? அழகர்கோவில்ல கருப்பசாமிக்குக் கிடா வெட்டு. இந்த மில்லு ஆளுக ஒரு வருஷம்கூடத் தவறுனதில்ல தம்பி."

அதைக் காதில் வாங்கும் நிலையில் ஆசிப் இல்லை. "என் கணக்கு எங்கண்ணே தப்பாப் போச்சு?" என்றான்.

உக்கிரபாண்டிக்குப் பாவமாகிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் தோளில் கை போட்டார்.

"உங்க கணக்கு சரிதான் தம்பி. இந்த வருஷம் முதலாளியே லீவு விட்டுட்டாரு, அப்புறம் ஃபேன் எதுக்கு நிக்கணும்?"