அரிசிக்குள் வைத்தவை

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து சுகந்தியின் அரிசி வாளிக்குள் தினமும் ஏதாவது கிடந்தது. முதலில் ஒரு கூழாங்கல், அப்புறம் மரக்கரண்டி, அதற்கப்புறம் பூட்டு. எல்லாம் இரண்டு வயது மகள் மயூரியின் வேலை. கல்லு மாதிரி இருந்த சீத்தாக்காயை அம்மா அரிசிக்குள் புதைத்து, மூன்றாம் நாள் மெத்தென்று வெளியே எடுத்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். காலையில் எழுந்ததும் பூட்டைத் தோண்டி எடுத்து அமுக்கிப் பார்ப்பாள். திரும்பப் புதைத்துவிடுவாள்.

சுகந்தியின் தங்கைக்குத் தலைதீபாவளி என்று அவள் அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் வந்த சண்டைக்குப் பிறகு கதிரேசன் மனைவியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவனை மயூரி விரலைப் பிடித்து இழுத்தாள். அவன் கையை மணிக்கட்டு வரைக்கும் அரிசிக்குள் அழுத்தி, மேலே இரண்டு பிடி அள்ளிப் போட்டாள்.

"எடுக்காத," என்றாள்.

சுகந்தி ரசத்தை இறக்கிவிட்டுத் திரும்பினாள். அவன் கையை எடுக்கவில்லை. வாளியைப் பார்த்தபடியே கேட்டான்.

"எத்தனை நாள் வைக்கணும்?"

"அது காயப் பொறுத்தது," என்றாள் சுகந்தி.

மயூரி அப்பாவின் முழங்கையை அமுக்கிப் பார்த்தாள். பிறகு இன்னும் ஒரு பிடி அரிசி போட்டாள்.